விசா வேண்டாம், வீடு வேண்டும்: லாங்யியர்பியனில் குடியேற நினைப்பவருக்கு

கேள்வி: நான் ஓட்டலில் சமையலராக வேலை பார்க்கிறேன். நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளில் வசிக்க விசாவே தேவையில்லை என்கிறார்கள். மனைவியுடனும் மூன்று வயது மகளுடனும் அதன் முக்கிய ஊரான லாங்யியர்பியனில் குடியேற வேண்டுமென்றால், அங்குள்ள நகராட்சியிடம் எதற்கெல்லாம் விண்ணப்பிக்க வேண்டும்?

பதில்: நீங்கள் கேள்விப்பட்டது உண்மைதான். 1920 பிப்ரவரி 9 அன்று பாரிசில் கையெழுத்தான ஸ்வால்பார்ட் உடன்படிக்கை, இத்தீவுகளின் இறையாண்மையை நார்வேக்கு அளித்ததோடு, அதில் சேர்ந்த நாடுகளின் குடிமக்கள் அங்கே சமமாகத் தொழில் செய்யவும் வழிவிட்டது. பிரிட்டிஷ் ஆட்சியின் கீழிருந்த இந்தியாவும் அந்நாடுகளில் ஒன்று. இன்று எந்த நாட்டவரும் அங்கே தங்குவதற்கு விசாவோ குடியிருப்பு அனுமதியோ பெற வேண்டியதில்லை. ஆனால் வழக்கமான பயணிகள் விமானங்கள் ஆஸ்லோவிலிருந்தும் ட்ரோம்சோவிலிருந்தும்தான் செல்கின்றன. அவ்விரண்டும் ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் பகுதிக்குள் இருக்க, ஸ்வால்பார்ட் அதற்கு வெளியே இருக்கிறது. ஆகவே, திரும்பும்போதும் நுழைய இடமளிக்கும் வகையில், குறைந்தது இருமுறை நுழைவுக்கான ஷெங்கன் விசா உங்களுக்குத் தேவைப்படும்.

அடுத்தது நகராட்சி. லாங்யியர்பியனில் 'லோகால்ஸ்டீரே' எனப்படும் உள்ளாட்சி மன்றம் 2002-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. 15 உறுப்பினர்களைக் கொண்ட இம்மன்றம் பள்ளி, மழலையர் பள்ளி, குடிநீர், மின்சாரம், துறைமுகம், சாலை ஆகியவற்றைக் கவனிக்கிறது. அதன் அதிகாரம் ஊருக்கென வரையறுத்த எல்லையோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் பனிப்பாறையும் மலையுமாகக் கிடக்கும் நிலப்பரப்பும், காவல் பணியும் அரசு நியமிக்கும் ஆளுநரான 'சிசெல்மெஸ்டர்' பொறுப்பில் உள்ளன. மருத்துவமனையும் நகராட்சியுடையது அன்று. குடியேற அனுமதி கேட்டு நீங்கள் இந்த இரு அலுவலகங்களில் எதற்கும் விண்ணப்பம் எழுத வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதானால் வரி அலுவலகத்தின் மக்கள் பதிவேட்டில் பதிவு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையான தடை வீடுதான். சுமார் 2,500 பேர் வாழும் இந்த ஊரில் பெரும்பாலான வீடுகள் நிறுவனங்களுக்கோ அரசுக்கோ சொந்தமானவை. வேலையோடு வீடு வரும், வேலை போனால் வீடும் போகும். புதிதாகக் கட்டிக்கொள்ளலாமே என்று தோன்றலாம்; அதுவும் எளிதன்று. ஊர் 78 பாகை வட அட்சரேகையில், செங்குத்தான மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது. நிலத்தடி மண் ஆண்டு முழுவதும் உறைந்து கிடப்பதால் வீடுகள் தூண்கள்மேல் நிற்கின்றன. குழாய்களைப் புதைக்க முடியாமல் தரைக்கு மேலேயே கொண்டு செல்கிறார்கள். 2015 டிசம்பர் 19 அன்று காலை, சுக்கர்டோப்பன் மலையிலிருந்து சரிந்த பனி 11 வீடுகளைப் பெயர்த்துத் தள்ளியது, இருவர் இறந்தனர். அதன்பின் அபாயப் பகுதியில் இருந்த பல வீடுகள் அகற்றப்பட்டன; மலைச்சரிவில் தடுப்புகள் எழுந்தன. இருந்த வீடுகளே குறைந்துபோன ஊரில், ஒரு குடும்பத்துக்கு ஏற்ற வாடகை வீட்டை வெளியாள் ஒருவர் தாமாகத் தேடிப் பிடிப்பது ஏறத்தாழ நடவாத காரியம். எனவே வேலைக் கடிதத்தில் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பற்றிய வரியைத் தேடுங்கள். ஒற்றை அறையா, குடும்ப வீடா, ஒப்பந்தம் முடிந்தபின் எத்தனை நாள் தங்கலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். "வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்ற பேச்சை நம்பி மகளை அழைத்துச் செல்லாதீர்கள்.

நார்வே என்றதும் நினைவுக்கு வரும் சமூக நல உதவிகளையும் இங்கே எதிர்பார்க்க முடியாது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள வழியில்லாதவரை வெளியேற்ற 1995-ஆம் ஆண்டின் விதி ஒன்று ஆளுநருக்கு அதிகாரம் தருகிறது. நார்வே நிறுவனத்தில் வேலை செய்வதால் உங்களுக்குக் கிடைக்கும் மருத்துவக் காப்பீடு வேலையில்லாத மனைவிக்கும் தானாகக் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். அங்குள்ள மருத்துவமனை சிறியது. பிரசவ வசதி இல்லாததால் கர்ப்பிணிகள் சில வாரங்களுக்கு முன்பே நார்வே நிலப்பகுதிக்குச் சென்றுவிடுகிறார்கள். அப்போது மீண்டும் ஷெங்கன் விசா வேண்டும். குழந்தைக்கு மழலையர் பள்ளியில் இடம் உண்டா என்பதை மட்டும் நேரே லோகால்ஸ்டீரேயிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நகராட்சியிடம் நீங்கள் முன்கூட்டியே கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி அதுதான்.

வாக்குரிமையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஊரில் மூன்றில் ஒருவருக்கும் மேல் வெளிநாட்டவர்கள்தாம். 2022-இல் வந்த மாற்றத்தின்படி, நார்வே நிலப்பகுதி நகராட்சி ஒன்றில் மூன்று ஆண்டுகள் வாழ்ந்திராத வெளிநாட்டவர் இம்மன்றத்துக்கு வாக்களிக்க முடியாது. ஸ்வால்பார்டில் கழிக்கும் ஆண்டுகள் நார்வேயில் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி பெறுவதற்கான கணக்கிலும் சேராது. ஆகவே சில ஆண்டுகள் சம்பாதித்துத் திரும்பும் திட்டமென்றால் போகலாம். முதல் ஆண்டு தனியாகச் சென்று, குடும்ப வீடு உறுதியான பிறகு மற்ற இருவரையும் அழைத்துக்கொள்வதே என் ஆலோசனை. மூவருக்கும் ஊர் திரும்புவதற்கான பயணச் செலவை, முதல் சம்பளம் வருவதற்கு முன்பே வங்கிக் கணக்கில் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.