முட்டி போச்சு, கோச் ஆகலாமா?

கேள்வி: காலேஜ்ல ட்ரிபிள் ஜம்ப் பண்ணிட்டிருந்தேன், முட்டி போயிடுச்சு. ஜம்ப்ஸ் கோச் ஆக பெரிய மெடல் ஏதாவது வேணுமா சார்?

பதில்: மெடல் எதுக்குங்க, கண்ணு வேணும். தாவுறதுக்கு கால் ஊன்றுற 20 செ.மீ அகல பலகைல கால் சரியா விழலைன்னா எல்லாரும் பலகையத்தான் பாப்பாங்க, நல்ல கோச் அதுக்கு நாலு ஸ்டெப் முன்னாடி, ஸ்டெப் சரியா வருதான்னு பாக்க வெச்ச மார்க் பக்கத்துல நின்னு பாப்பாரு, ஏன்னா தப்பு பெரும்பாலும் ரன்அப்லயே, அதாவது தாவுறதுக்கு முன்னாடி ஓடி வர்றதுலயே ஆரம்பிச்சிருக்கும், கடைசிக்கு முந்தின ஸ்டெப் கொஞ்சம் நீளமா வந்து இடுப்பு இறங்குதான்னும் கவனிக்கணும். ஆரம்பத்துல அசிஸ்டென்ட் வேலைதான், சம்பளம் சொற்பம், மணல் கிளறுறது கூட உங்க தலையிலதான் விழும்! அமெரிக்க காலேஜ்னா லாங், ட்ரிபிள், ஹை ஜம்ப் மூணும், சில இடத்துல போல்வால்ட்டும் ஒரே ஆள் பாக்கணும், போதாக்குறைக்கு ஸ்கூல் பசங்கள தேடிப்பிடிச்சு டீம்ல சேக்குற வேலை வேற. கார்ல் லூயிஸ் 1984லேர்ந்து 1996 வரை 4 ஒலிம்பிக்ஸ்ல லாங் ஜம்ப் தங்கம் வாங்கினாரே, அவர் கோச் டாம் டெல்லெஸ் ஹூஸ்டன் யுனிவர்சிட்டி கோச்சா இருந்தவர்தான். முதல்ல கோச்சிங் சர்டிஃபிகேட் ஒண்ணு முடிங்க, முட்டிய டாக்டர்கிட்ட காட்டுங்க.