பழைய ரேஸ் காருக்கு லேசான டிரைவ் ஷாஃப்ட்: எடைக்கு முன்னால் நீளத்தைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 1970களின் பின்சக்கர இயக்க ரேஸ் கார். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட் ஸ்டீல், நடுவில் பேரிங்கோடு இரண்டு துண்டாக இருக்கிறது, ரொம்பக் கனம். லேசான ஒற்றை ஷாஃப்ட் எப்படித் தேடுவது?

பதில்: ரெடிமேடாகத் தேடி அலையாதீர்கள். இவ்வளவு பழைய காரில் கியர்பாக்ஸோ டிஃபரன்ஷியலோ (பின் அச்சின் நடுவில் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் கியர் பெட்டி) என்றைக்கோ மாறியிருக்கும், அதனால் அளவு கொடுத்துச் செய்து வாங்குவதுதான் சரி. ஆனால் முதலில் உங்கள் பந்தயப் பிரிவின் விதிகளைப் படியுங்கள். பழைய கார்களுக்கான பந்தயங்களில் அந்தக் காலத்துப் பொருள்தான் வேண்டும் என்றால் கார்பன் ஃபைபர் பேச்சே கிடையாது.

நடு பேரிங்கை எடுத்துவிட்டு ஒற்றை ஷாஃப்ட் போடும்போது பலர் மாட்டிக்கொள்வது கிரிட்டிகல் ஸ்பீடில். ஷாஃப்ட் நீளமாக ஆக அந்த வேகம் குறையும். அதை நெருங்கினால் ஷாஃப்ட்டின் குழாய் நடுவில் வில்லாக வளைந்து ஆட ஆரம்பிக்கும், அப்புறம் அது எங்கே குத்திக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. 1.3 மீட்டர் நீளம், 76 மில்லிமீட்டர் விட்டமுள்ள மெல்லிய ஸ்டீல் குழாய்க்குக் கணக்குப் போட்டால் சுமார் 7,400 ஆர்பிஎம் வருகிறது. அதில் முக்கால் பங்கைத் தாண்டாமல் இருப்பது நல்லது. டாப் கியர் 1:1 என்றால் எஞ்சின் சுற்றும் வேகம்தான் ஷாஃப்ட்டுக்கும், ஓவர்டிரைவ் (ஷாஃப்ட்டை எஞ்சினைவிட வேகமாகச் சுற்றவைக்கும் கியர்) இருந்தால் அதைவிடக் கூடும்.

அலுமினியத்துக்கு மாறினால் இது தீர்ந்துவிடும் என்று நினைப்பார்கள். இல்லை. விறைப்புக்கும் அடர்த்திக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே அதே அளவுக் குழாய்க்கு அதே கிரிட்டிகல் ஸ்பீடு. எடை கூடாமல் விட்டத்தைப் பெரிதாக்க முடிகிறதே, அலுமினியத்தின் லாபம் அதுதான், டனலில், அதாவது ஷாஃப்ட் ஓடும் தரைப் பள்ளத்தில், இடம் இருந்தால். கார்பன் இதில் நிஜமாகவே முந்துகிறது, ஆனால் எக்ஸாஸ்ட் சூடும் தெறிக்கும் கல்லும் அதற்கு ஆகாது, பழைய கார்பன் ஷாஃப்ட்டை நான் வாங்கவே மாட்டேன்.

லேப் நேரம் பெரிதாகக் குறையும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். குழாயின் விட்டம் சின்னது என்பதால் அதைச் சுற்றவைக்க அதிக சக்தி போவதில்லை, குறைக்கும் ஒரு கிலோவை டயரில் குறைத்தால் பலன் கூடுதல்.

அளவெடுக்கும்போது கார் தன் சக்கரங்களில், ஓடும் உயரத்தில் நிற்க வேண்டும், ஜாக்கில் தொங்கக் கூடாது. நீளத்தோடு எஞ்சின் டார்க் (முறுக்கு விசை), முதல் கியர் விகிதம், அதிகபட்ச ஆர்பிஎம், ஷாஃப்ட்டின் முனைகளில் வளைந்து கொடுக்கும் யூனிவர்சல் ஜாயிண்டின் அளவு எல்லாவற்றையும் செய்பவரிடம் கொடுத்து, கிரிட்டிகல் ஸ்பீடு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். முன் ஜாயிண்ட் பக்கத்தில், ஷாஃப்ட் கழன்றால் தாங்கிப் பிடிக்க, ஒரு பாதுகாப்பு வளையமும் போட்டுவிடுங்கள், மிச்சம் பிடித்த எடையில் கொஞ்சம் அதற்குப் போனாலும் பரவாயில்லை.