விழுங்கச் சிரமப்படும் அப்பாவை ஏன் ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்புகிறார்கள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கும் உங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபின் தண்ணீர் குடித்தாலே இருமல், பேச்சும் குழறுகிறது, இதற்கு ஸ்பீச் தெரபிஸ்ட் என்ன செய்வார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பேசவும் விழுங்கவும் அதே நாக்கு, தொண்டை, குரல்வளைதான். விழுங்கும் நொடியில் குரல்வளை மேலெழுந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்ள வேண்டும். அந்தத் தசைகள் தாமதித்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். சிலருக்கு இருமலே இல்லாமல் இறங்கிவிடும். எனக்கு அதுதான் பெரிய கவலை. அதனால் இருமல் நின்றாலும் சரியாகிவிட்டது என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். தெரபிஸ்ட் சோதித்துப் பார்ப்பார். தேவைப்பட்டால், எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரேயில் கவனிப்பார்கள். அப்புறம்தான் கஞ்சி எவ்வளவு கெட்டியாக இருக்கலாம், எப்படி உட்கார வேண்டும் என்று சொல்வார். முகவாயைத் தாழ்த்தி விழுங்குவது ஒருவருக்கு உதவும், இன்னொருவருக்கு உதவாது. அக்கம்பக்கத்தார் யோசனை இதில் வேண்டாம்.

பேச்சுக்கு வருவோம். வார்த்தை கிடைக்காமல் தவிக்கும் சிலர், பழகிய பாட்டை வரி பிசகாமல் பாடுவார்கள். ராகத்தின் வழியே சொற்களை மீட்கும் பயிற்சியும் உண்டு. வீட்டில் இங்கிலீஷே பேசினாலும், அப்பா கோயிலில் தேவாரமோ பஜனையோ பாடி வளர்ந்தவர் என்றால் அதைத் தெரபிஸ்டிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

தனியாரிடம் போவதானால் தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழில்கள் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். முதல் நாளே மருந்துப் பட்டியலையும், பல்செட் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.