மருந்துக்குப் பழகியது யார்?

கேள்வி: எனக்கு வயது 54, சர்க்கரை நோய் உண்டு. இரண்டு மாதத்தில் இரண்டாவது முறையாக நீர்க்கடுப்பு. போன முறை செஃபிக்ஸைம் மாத்திரையில் சரியானது. இந்த முறை அது கேட்கவில்லை. யூரின் கல்ச்சரில் ‘ஈ.கோலை, ஈஎஸ்பிஎல் பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. பாதி மருந்துகளுக்கு நேராக ‘ஆர்’ என்று போட்டிருக்கிறார்கள். நான் அடிக்கடி ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறவள் இல்லை. என் உடம்பு எப்படி மருந்துக்குப் பழகியது? வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள், அவளுக்கும் ஒட்டுமா?

பதில்: உங்கள் உடம்பு எதற்கும் பழகவில்லை அம்மா. பழகியது கிருமி. தூக்க மாத்திரைக்கு உடம்பு பழகும். ஆன்டிபயாடிக்கின் குறி கிருமி என்பதால் இங்கே கதை வேறு.

அந்த ‘ஆர்’ எப்படி வந்தது என்று சொல்கிறேன். லேபில் ஒரு தட்டு முழுக்க உங்கள் சிறுநீரில் வளர்ந்த கிருமியைப் பூசி, அதன்மேல் பொட்டு வைப்பது போல மருந்தில் நனைத்த காகித வில்லைகளை வைத்து ஒரு ராத்திரி விடுவார்கள். கேட்கிற மருந்தாக இருந்தால் காலையில் வில்லையைச் சுற்றி வட்டமாக வெறுமை தெரியும். அது ‘எஸ்’. கேட்காத மருந்தென்றால் கிருமி வில்லையின் ஓரம் வரை வந்து ஒட்டி வளர்ந்திருக்கும். அது ‘ஆர்’.

கிருமிக்கு இந்தத் தெம்பு இரண்டு வழியில் வரும். ஒன்று, சொந்தப் பிழை. ஈ.கோலை நம் எல்லோர் குடலிலும் இருப்பதுதான். வசதி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். அத்தனை முறை டிஎன்ஏவை நகலெடுக்கும்போது எங்கோ ஓரெழுத்து தப்பும். கோடிக்கணக்கான பிழைகளில் ஒன்று மருந்தைத் தாங்க உதவினால் போதும். 2016-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 4 அடி நீளத் தட்டு ஒன்று செய்து, ஓரங்களில் மருந்தில்லாமலும் நடுவை நோக்கிப் போகப்போக 10, 100, 1000 மடங்கு என்று மருந்தை ஏற்றியும் வைத்தார்கள். கிருமி ஒவ்வொரு எல்லையிலும் முட்டி நிற்கும். அப்புறம் ஒரு இடத்தில் ஒன்று தாண்டி, விசிறி விரிவது போலப் பரவும். நடுப்பகுதியை எட்ட ஏறக்குறைய 11 நாள்தான் ஆனது. அந்த வீடியோ இணையத்தில் கிடைக்கிறது, பேத்தியை மடியில் வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

உங்கள் கிருமியோ பெரும்பாலும் இரண்டாவது வழியில் வந்தது: கடன். பாக்டீரியாக்களிடம் பிளாஸ்மிட் என்ற சின்ன டிஎன்ஏ வளையம் இருக்கும். பக்கத்துக் கிருமியோடு ஒட்டிக்கொண்டு, அதன் நகலைக் கொடுத்துவிடும். சொந்த இனமாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இது முதலில் பிடிபட்டது ஜப்பானில், 1950-களில். சீதபேதி நோயாளிகளிடம் ஒரே கிருமி நான்கு மருந்துகளை ஒருசேர எதிர்த்தது. நான்கு பிழைகள் ஒரே நேரத்தில் எப்படி வரும் என்று குழம்பினார்கள். குடலில் இருக்கும் ஈ.கோலையும் சீதபேதிக் கிருமியும் அந்த நான்கையும் மூட்டையாகவே கைமாற்றிக்கொள்கின்றன என்று 1959-ல் தெரிந்தது.

உங்கள் ரிப்போர்ட்டில் பாதி ‘ஆர்’ ஆனதும் இதே மூட்டையால்தான். ஈஎஸ்பிஎல் என்பது செஃபிக்ஸைம் வகை மருந்துகளை உடைத்துப்போடும் ஒரு நொதி. அதன் மரபணு இருக்கும் பிளாஸ்மிட்டிலேயே வேறு மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்களும் சேர்ந்திருப்பது சகஜம். அதனால் யாரோ வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கிய சிப்ரோஃப்ளாக்சசின், அவர் தொட்டே பார்க்காத செஃபிக்ஸைமையும் வீணாக்கிவிட முடியும்.

அந்தக் கிருமி உங்களிடம் வர நீங்கள் மாத்திரை சாப்பிட்டிருக்கவே வேண்டாம். தண்ணீர், சாப்பாடு, கை, ஆஸ்பத்திரிக் கட்டில், எது வழியாகவும் வரும். கோழிப் பண்ணைகளிலும் இதே கதை நடக்கிறது; கடைசி ஆயுதமாக நாங்கள் வைத்திருக்கும் கொலிஸ்டினைத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள், 2019-ல்தான் இந்தியாவில் தடை வந்தது. வந்த கிருமி குடலில் சும்மா கிடந்திருக்கும். போன முறை நீங்கள் சாப்பிட்ட செஃபிக்ஸைம் சாதுவான கிருமிகளைக் கொன்று இதற்கு இடம் ஒழித்துக் கொடுத்திருக்கலாம். பயிரைப் பிடுங்கிவிட்டுக் களையை விட்ட கதை. உங்களைக் குறை சொல்லவில்லை; கல்ச்சர் பார்க்காமல் எழுதிக்கொடுக்கும் பழக்கம் எங்களுடையது, நானும் எழுதியிருக்கிறேன்.

சரி, இப்போது என்ன செய்வது? காய்ச்சல் இல்லாமல் எரிச்சல் மட்டும் என்றால், நைட்ரோஃபுரன்டாயின், ஃபாஸ்ஃபோமைசின் பெயர்களுக்கு நேராக ‘எஸ்’ இருக்கிறதா பாருங்கள். பல ஈஎஸ்பிஎல் கிருமிகளுக்கு இவை இன்னும் கேட்கின்றன. சர்க்கரை இருப்பதால் முதலில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு எதைத் தருவது என்று உங்கள் டாக்டர் முடிவு செய்வார். நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவில் வலி, வாந்தி என்றால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி தேவைப்படலாம். எரிச்சல் போன பிறகு ‘கிருமி போய்விட்டதா’ என்று மறுபடி கல்ச்சர் செய்யாதீர்கள். தொந்தரவே தராத கிருமி அதில் தெரியும், அதற்கும் ஒரு மாத்திரை எழுதப்படும்.

பேத்தியின் குடலுக்கும் இது போயிருக்கலாம். அதற்காக அவளுக்கு டெஸ்ட் வேண்டாம், மருந்தும் வேண்டாம், தனித் தட்டும் வேண்டாம். கழிப்பறை போய்வந்த பிறகும், அவளுக்குச் சோறு ஊட்டும் முன்பும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். அந்த ரிப்போர்ட்டை மட்டும் தூக்கிப் போடாமல், அடுத்து எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள்.