சான்றிதழை மடித்து வையுங்கள், பேட்ஜைத் திருப்புங்கள்

கேள்வி: ம்யூனிக்கில் வேலை பார்க்கிறேன். சனிக்கிழமைச் சந்தையில் முதல் உலகப் போர் காலத்துப் பிரஷ்ய விமானி பேட்ஜ் ஒன்றைப் பார்த்தேன். வெள்ளி என்கிறார்கள். பின்னால் 'யுங்கர், பெர்லின்' என்ற முத்திரை இருக்கிறது. விலை 650 யூரோ. கூடவே நிபுணர் ஒருவர் கையெழுத்திட்டு, படம் ஒட்டி, ரப்பர் ஸ்டாம்பு குத்திய சான்றிதழும் தருகிறார். அதற்குத் தனியாக 80 யூரோ. முன்பு விமானப்படை அதிகாரி ஒருவர் வீட்டிலிருந்து வந்தது என்றும் சொன்னார். சான்றிதழ் இருந்தால் நம்பி வாங்கலாமா?

பதில்: உங்கள் கேள்வியில் பேட்ஜைப் பற்றிச் சொன்னதைவிடச் சான்றிதழைப் பற்றிச் சொன்னதுதான் அதிகம். வியாபாரி எதிர்பார்ப்பதும் அதைத்தான். கண் தாளுக்குப் போய்விட்டால் பொருளைப் பார்க்காது.

முதலில் அந்த 80 யூரோவைச் சேமியுங்கள். ஜெர்மனியில் 'ஸாக்ஃபெர்ஷ்டெண்டிகர்', அதாவது நிபுணர் என்ற பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. இன்று காலை எழுந்து யார் வேண்டுமானாலும் அந்தப் பெயரில் லெட்டர்ஹெட் அச்சடித்துக்கொள்ளலாம். 'அரசு முறையில் நியமிக்கப்பட்டு உறுதிமொழி எடுத்தவர்' என்ற பட்டத்துக்கு மட்டும்தான் பாதுகாப்பு உண்டு. தொழில் வணிக சபை போன்ற அமைப்புகள் சோதித்துப் பார்த்து அவர்களை நியமிக்கின்றன. முடி திருத்தும் கடை தொடங்கவே கைத்தொழில் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும் என்று கேட்கும் நாடு, ஆயிரக்கணக்கான யூரோ கைமாறும் இந்தத் தொழிலில் மட்டும் ஏன் கதவைத் திறந்து போட்டிருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சேகரிப்பவர்கள் நாங்கள் இத்தனை வருடமாகக் கத்திக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தச் சான்றிதழை நன்றாகப் படியுங்கள். எங்காவது 'என் கருத்துப்படி' என்று இருக்கும். அந்த நிபுணரும் விற்பவரும் ஒரே மேசையில் காபி குடிப்பவர்களா என்பது அதில் இருக்காது.

2004இல் பெர்லினில் நான் வாங்கிய முதல் விமானி பேட்ஜும் இப்படிச் சான்றிதழோடு வந்ததுதான். பிளாஸ்டிக் உறைக்குள் தாள், அதன் கீழே நீல மையில் கையெழுத்து. வீட்டுக்கு வந்து மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து லென்ஸில் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க இட்லியின் மேல்புறம் போலப் பொடிப் பொடித் துளைகள். உருக்கி ஊற்றிய வார்ப்பு. அன்று கண்ட அந்தத் துளைகளைத்தான் இன்றும் ஒவ்வொரு பேட்ஜிலும் முதலில் தேடுகிறேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் நகைக்கடை லென்ஸ் ஒன்று போதும். இந்தப் பேட்ஜ்களை எஃகு அச்சில் வைத்து அழுத்தி அடித்தார்கள். அப்படி அடித்ததில் கோடுகள் கூர்மையாக, தளம் வழவழப்பாக இருக்கும். வார்ப்பில் துளைகள் இருக்கும், ஓரங்கள் சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும், விளிம்பைச் சுற்றி அரத்தால் ராவிய தடமும் தெரியலாம். முன்பக்கத்தில் நடுவே பறக்கும் 'டௌபெ' விமானத்தைப் பாருங்கள். டௌபெ என்றால் புறா. ஆஸ்திரியர் இகோ எட்ரிச் வடிவமைத்தது. பறவையின் இறக்கை போலப் பின்னோக்கி வளைந்த சிறகு, விசிறி போல விரிந்த வால். நல்ல பேட்ஜில் அந்தச் சிறகும் கீழே உள்ள நிலக்காட்சியும் தனித்தனியாக நிற்கும். போலியில் எல்லாம் களிமண் போல ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும்.

அப்புறம் முத்திரை. யுங்கர் என்ற தயாரிப்பாளர் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். சேகரிப்பவர்கள் அதிகம் தேடும் பெயர் என்பதால்தான் போலி செய்பவர்களும் அதையே குத்துகிறார்கள். பெயரைப் படிக்காதீர்கள், எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். உளியால் குத்திய எழுத்தின் சுவர் செங்குத்தாக இறங்கும். வார்ப்பில் வந்த எழுத்து, தேய்ந்த செருப்பில் உள்ள கம்பெனிப் பெயர் போலச் சரிந்திருக்கும். வெள்ளி என்றால் வழக்கமாக 800 என்ற எண்ணும், பக்கத்தில் பிறையும் மகுடமும் இருக்கும். 1888 முதல் ஜெர்மன் வெள்ளிக்கு அதுதான் அடையாளம். நகைக்கடையில் எக்ஸ்ரே கருவியில் வைத்து வெள்ளிதான் என்று சொன்னாலும் உடனே குதிக்காதீர்கள். போன வருடம் உருக்கிய வெள்ளியும் வெள்ளிதான். அந்தக் கருவி உலோகத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது.

கறுப்பும் பேசும். நிஜமாக உடையில் குத்திக்கொண்டு திரிந்த பேட்ஜில் மேலே உள்ள மகுடத்தின் உச்சி, விமானச் சிறகு போன்ற மேடான இடங்கள் தேய்ந்து பளபளக்கும், பள்ளங்களில் கறுப்பு தங்கும். ரசாயனத்தில் முக்கி எடுத்ததில் மேடும் பள்ளமும் ஒரே கறுப்பாக இருக்கும். பின்னால் உள்ள ஊக்கைத் திறந்து மூடிப் பாருங்கள். பேட்ஜ் நூறு வருடக் கிழமாகவும் கீல் நேற்று வந்ததாகவும் இருந்தால் கேள்வி கேளுங்கள். தயவுசெய்து எதையும் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள்.

இதெல்லாம் தேறினாலும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல பேட்ஜைப் போலி என்று தூக்கிப் போட்டவர்களையும், பின்னால் வந்ததைப் போர்க்காலத்து விலைக்கு வாங்கியவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த பேட்ஜை ஜெர்மன் பேரரசரும் பிரஷ்ய மன்னருமான கைசர் இரண்டாம் வில்ஹெல்ம் தன் பிறந்தநாளான 1913 ஜனவரி 27 அன்று ஏற்படுத்தினார். 1918இல் போர் முடிந்தது, கைசரின் ஆட்சியும் போனது. ஆனால் பேட்ஜ் பெற்ற விமானிகள் உயிரோடுதான் இருந்தார்கள். தொலைத்தவர்கள், உடைத்தவர்கள், இன்னொரு உடைக்கு இன்னொன்று வேண்டும் என்றவர்கள் எல்லாம் 1920களிலும் 30களிலும் கடையில் புதிதாக வாங்கிக்கொண்டார்கள். முதல் உலகப் போரில் விமானியாக இருந்து பின்னால் ஹிட்லரின் விமானப்படைத் தலைவரான கோரிங்கின் 1930களின் படங்களைப் பாருங்கள், புதிய சீருடையில் இந்தப் பழைய விமானி பேட்ஜைக் குத்தியிருப்பார். அப்படி வந்தவற்றைப் பழைய நிறுவனங்களே செய்தன. சிலவற்றில் அச்சுகூடப் பழையதுதான். சில வெள்ளி, சில வெறும் முலாம். அது போலியா? இல்லை. உரிமை உள்ள ஒரு விமானி நேர்மையாக வாங்கி அணிந்தது. அது 1916இல் விமானத்தில் போய்வந்த பேட்ஜா? அதுவும் இல்லை. விலையில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி உண்டு. வியாபாரி அதை உங்களிடம் சொல்லமாட்டார், 'அசல்' என்று மட்டும் சொல்வார், அது பொய்யும் ஆகாது. ஆகவே 'அசலா?' என்று கேட்காதீர்கள். 'எந்த வருடத்துக்குள் செய்தது?' என்று கேளுங்கள்.

அதிகாரி வீட்டிலிருந்து வந்த கதை? கதைக்குக் காசு கொடுக்காதீர்கள். பிரஷ்ய ராணுவ ஆவணங்களில் பெரும்பகுதி 1945 ஏப்ரலில் பாட்ஸ்டாம் மீது நடந்த குண்டுவீச்சில் எரிந்துபோனது. இன்ன பிரஷ்ய விமானியுடையது என்று யார் சொன்னாலும் மறுத்துக் காட்டுவது கஷ்டம். இது விற்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். ம்யூனிக்கைத் தலைநகராகக் கொண்ட பவேரியாவின் ஆவணங்கள் தப்பித்தன. பவேரிய மகுடம் உள்ள பேட்ஜ் ஒன்றைப் பவேரிய அதிகாரி பெயரோடு யாராவது நீட்டினால், உங்கள் ஊரிலேயே உள்ள போர் ஆவணக் காப்பகத்தில் அந்தப் பெயரைத் தேடலாம். அதைச் சொன்னவுடன் சில கதைகள் சுருங்கிவிடும்.

சட்டம் பற்றிக் கவலைப்பட்டால், கைசர் காலத்துப் பேட்ஜில் ஸ்வஸ்திகா கிடையாது, வீட்டுச் சுவரில் தாராளமாக மாட்டலாம். 1935 முதல் வந்த லுஃப்ட்வாஃபெ, அதாவது ஹிட்லர் காலத்து விமானப்படை, பேட்ஜ்களில் அது உண்டு. அவற்றைப் பொது இடத்தில் காட்டுவது குற்றம்.

சரி, வாங்குவதா? சந்தையில் நேரில் வாங்கினால், இணையத்தில் வியாபாரியிடம் வாங்கும்போது கிடைக்கும் 14 நாள் திருப்பித் தரும் உரிமை கிடையாது. ஆகவே பணம் கொடுக்கும் முன் ரசீதில் ஒரே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: 'பிரஷ்ய விமானி பேட்ஜ், 1913–1918 காலத்தில் செய்தது'. கூடவே விற்பவர் பெயர், முகவரி, கையெழுத்து. 'தனியார் விற்பனை, உத்தரவாதம் இல்லை' என்று அவர் பக்கத்தில் எழுதினாலும், காலத்தை எழுத்தில் உறுதி சொல்லிவிட்டால் அந்த வாக்கியத்துக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொள்ள முடியாது. அந்த ஒரு வரி நிபுணர் சான்றிதழைவிடப் பத்து மடங்கு வலுவானது, அதற்குச் செலவும் இல்லை.

எழுத மறுத்தால் பேட்ஜை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எழுதித் தந்தால், போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து நான்கு படம் எடுத்து அனுப்புங்கள்: முத்திரை, ஊக்கின் கீல், விளிம்பு, விமானத்தின் சிறகு. முன்பக்கத்தை நேராக எடுத்த அழகான படம் எனக்கு வேண்டாம்.