கேளுங்கள், சொல்கிறேன்: டால்டன்களின் பென்சில் தாள்

கேள்வி: சிறுவயது முதல் லயன் காமிக்ஸில் லக்கி லூக் கௌபாய் கதைகள் படித்து வருகிறேன். அதில் வரும் கொள்ளையர்களான டால்டன் சகோதரர்களை வைத்து 1978-இல் வெளிவந்த அனிமேஷன் படத்துக்காக வரைந்தது என்று ஒரு பென்சில் படம் வெளிநாட்டில் ஏலத்துக்கு வந்திருக்கிறது. ஓவியர் மோரிஸின் கைவண்ணம் என்கிறார் விற்பவர். வண்ணமே இல்லை; ஓரத்தில் கிறுக்கல்கள் வேறு. வாங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: அசல் என்று உறுதியானால் தாராளமாக வாங்குங்கள். மோரிஸ் வரைந்ததற்கான விலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் படத்தின் இயக்குநர்களில் அவரும் ஒருவர். ஆனால் தாள் தாளாக வரைந்து குவித்தவர்கள் பாரிஸின் இதெஃபிக்ஸ் ஸ்டூடியோ அனிமேட்டர்கள். லக்கி லூக் கதாசிரியர் கோசினி, ஆஸ்டெரிக்ஸ் ஓவியர் உடெர்சோ, பதிப்பாளர் தார்கோ மூவரும் 1974-இல் தொடங்கிய இடம் அது. 1977 நவம்பரில் கோசினி மறைந்தார். மறு ஆண்டே ஸ்டூடியோவும் மூடப்பட்டது. அங்கிருந்து வந்த முழுநீளப் படங்கள் இரண்டே இரண்டு. பெயர் வெளியே தெரியாத அந்த அனிமேட்டர்களின் கைதான் எனக்குப் பெரிது.

வண்ணம் இல்லையே என்று வருந்தாதீர்கள். பென்சில் தாளில் வண்ணம் ஏறுவதே இல்லை. கோட்டை 'செல்' எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளுக்கு மாற்றி, அதன் பின்பக்கத்தில்தான் வண்ணம் பூசுவார்கள். பாத்திரம் உயிர் பெறுவது பென்சில் தாளில். செல்லில் இருப்பது அதன் நகல்.

கிறுக்கல்களைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மூலையில் இருப்பது வரிசை எண். பக்கத்தில் ஏணிபோல் குறுக்குக் கோடுகள் இருந்தால், இந்தத் தாளுக்கும் அடுத்த முக்கியத் தாளுக்கும் நடுவே எத்தனை படங்கள் வரைய வேண்டும் என்று உதவியாளருக்குச் சொல்லும் குறிப்பு அது. விநாடிக்கு 24 பிரேம் ஓடும் சினிமாவில் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும், ஒரு பாத்திரம் ஒரு நிமிடம் அசைய 720 தாள்கள் வேண்டும்.

டால்டன்களில் நெட்டையனான ஆவ்ரெலின் தாள் ஒன்று என்னிடம் உள்ளது. அதில் நீலப் பென்சிலில் தொளதொளவென்று ஓர் உருவம். அதன்மேல் கருப்பில் தீர்மானமான கோடு. மூக்கை அழித்துவிட்டு மறுபடி வரைந்திருக்கிறார் அனிமேட்டர். ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் மெலிந்து, பழைய மூக்கின் தடம் சாய்வான வெளிச்சத்தில் இன்னும் தெரிகிறது. விற்பவரிடம் அப்படிப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த புகைப்படம் கேளுங்கள். பென்சில் அழுந்திய பள்ளம் அச்சுப்படியில் இருக்காது. தாளின் ஓரத்துத் துளைகளையும் பாருங்கள். தாள்களை ஒரே இடத்தில் பொருத்தி வரைவதற்கானவை அவை. பிறகு படத்தை ஓடவிட்டு அதே அசைவு எங்கே வருகிறது என்று நிறுத்தித் தேடுங்கள். 120/500 என்பதுபோல் எண் போட்டிருந்தால், அது விற்பனைக்கென்றே தயாரித்த படி.

கேள்வி: என்னிடம் உள்ள பழைய ஆஸ்டெரிக்ஸ் செல்லில் வினிகர் வாடை அடிக்கிறது. துடைக்கலாமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: துடைக்கவே வேண்டாம். அசிட்டேட் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது. நம் ஊர் வெக்கையும் ஈரக்காற்றும் அதை விரைவுபடுத்தும். அந்த ஆவி மற்ற செல்களையும் கெடுக்கும் என்பதால் இன்றே தனியாகப் பிரித்து வையுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறை ஆகாது. அமிலமில்லாக் காகித உறையில், குளிர்ச்சியான உலர்ந்த அறையில் கிடையாக இருக்கட்டும். சிதைவை நிறுத்த முடியாது, தள்ளிப்போடலாம். வண்ணம் ஏதாவது தாளோடு ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். தாளோடு அப்படியே விட்டுவிடுங்கள்.