அது வெள்ளைப்படுதல் அல்ல

கேள்வி: வயது 44. ஃபைப்ராய்டு கட்டிக்காக லேப்ராஸ்கோபியில் கர்ப்பப்பையை எடுத்துப் பத்து நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் தோள்பட்டை வலித்தது. தொப்புள் தையலைச் சுற்றிக் கன்றிப்போயிருக்கிறது. லேசாகப் பழுப்புக் கறை படுகிறது. நேற்றிலிருந்து தண்ணீர்போல வெள்ளைப்பட்டு பேட் நனைகிறது. இணையத்தில் பார்த்து மெடிக்கலில் பூஞ்சைத் தொற்று மாத்திரை வாங்கிப் போட்டும் நிற்கவில்லை. உள்தையல் பிரிந்துவிட்டதா? வயிற்றைத் திறந்தே செய்திருக்க வேண்டுமா?

பதில்: நீங்களாக வாங்கிய அந்த மாத்திரையை நிறுத்துங்கள். பூஞ்சைத் தொற்றில் தயிர்த் திரள்போலப் படும், அரிக்கும். உங்களுக்குக் கசிவது தண்ணீர். கர்ப்பப்பை எடுத்த முதல் இரண்டு வாரத்தில் இப்படிக் கசிந்தால், இல்லையென்று உறுதியாகும்வரை அதைச் சிறுநீர் என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

சிறுநீரகத்திலிருந்து சிறுநீரைக் கொண்டுவரும் யூரெட்டர் குழாய், கர்ப்பப்பை வாயிலிருந்து ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் தள்ளி, கர்ப்பப்பைத் தமனிக்கு அடியில் புகுந்து போகிறது. தமனியைச் சுட்டு அடைக்கும்போது சூடு சில மில்லிமீட்டர் பக்கவாட்டிலும் பரவலாம். அன்றைக்குக் குழாய் முழுசாகத்தான் தெரியும். வெந்த இடம் 7 முதல் 14 நாளுக்குள் உதிர்ந்து துளை விழும். சிறுநீர்ப்பையிலும் இப்படி ஆவதுண்டு. ‘சிறுநீர் வழக்கம்போலப் போகிறதே’ என்று சமாதானமாகிவிடாதீர்கள். ஒரு பக்கக் குழாய் கசிந்தாலும் மறு சிறுநீரகம் பையை நிரப்பிக்கொண்டுதான் இருக்கும். திறந்து செய்யும் ஆபரேஷனிலும் இந்தக் காயம் வரும். அந்த வருத்தத்தை விடுங்கள்.

உங்களுக்கு ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் இன்றே போங்கள். கசியும் நீரில், சிறுநீரில் வெளியேறும் கழிவான கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்ப்பார். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருந்தால் அது சிறுநீர். பிறகு யோனிக்குள் மூன்று பஞ்சுகளை வரிசையாக வைத்து, டியூப் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் மெத்திலின் நீலச் சாயம் ஏற்றுவார்கள். மேல்பஞ்சு நீலமானால் பையில் துளை. நீலமில்லாமல் வெறுமனே நனைந்தால் யூரெட்டரைச் சந்தேகித்து, சிறுநீர்ப் பாதையைக் காட்டும் சி.டி. யூரோகிராம் ஸ்கேன் எடுப்பார்கள். உள்தையலையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பையில் சின்னத் துளை என்றால் சில வாரம் டியூப் வைத்தாலே பல சமயம் மூடிக்கொள்ளும். யூரெட்டரில் என்றால் அதற்குள் டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழலை வைப்பார்கள். ஸ்டென்ட் ஏறாவிட்டால் குழாயைப் பையில் மறுபடி இணைக்க வேண்டும். அதையும் லேப்ராஸ்கோபியிலேயே செய்யலாம். தள்ளிப்போட்டால் அந்தப் பக்கச் சிறுநீரகம் வலியே காட்டாமல் வீங்கிக் கெடலாம்.

தோள்வலி, வயிற்றை உப்ப வைக்க ஏற்றிய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்தியதால் வந்தது. போய்விட்டது, மறந்துவிடுங்கள். கன்றல் மஞ்சளாகி மறையும். தையல் கரையும்வரை, சிலருக்கு ஆறு வாரம்கூட, பழுப்புக் கறை படும்.

குளிர்காய்ச்சல், விலாவுக்குக் கீழே வலி, வாந்தி, சிறுநீர் குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் ஓ.பி. நேரம் பார்க்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியுடன் இன்று நனைந்த பேடையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோங்கள். நிறமும் வாடையும் அதிலேயே தெரியும்.